பொது மருத்துவமும் மக்கள் கண்காணிப்பும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் விழா மேடையில் மருத்துவத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். நாம் மருத்துவர் அல்லோம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் சுண்ணக்கட்டி பிடித்த கை இது. ஆயினும் வருகைப் பதிவேட்டைப் புரட்டும் ஆசிரியர் எவர்க்கும் ஓர் உண்மை தெரியும். பிள்ளைகள் வராத நாட்களுக்குக் காரணம் கேட்டால் பெரும்பாலான விடைகள் நோயில் வந்து முடியும். பிள்ளைக்குக் காய்ச்சல்; இல்லையேல் தாய்க்கு உடல்நலமில்லை, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை; இல்லையேல் தந்தையை மருத்துவமனையில் சேர்த்தாயிற்று, வட்டிக்குக் கடன் வாங்கியாயிற்று, பத்தாம் வகுப்புப் படித்த அண்ணன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் ஒரு பிள்ளையின் படிப்பும் உடன் விழுகிறது. ஆகவே மருத்துவத்தைப் பற்றிப் பேசுவது கல்வியைப் பற்றிப் பேசுவதே ஆகும்.

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்பன அந்நான்கு. அவர் காலத்தில் மருத்துவம் இருவருக்கு இடையில் நடந்த செயல். இன்றோ அது அரசின் பணத்தால், அதாவது நம் அனைவரின் வரிப்பணத்தால் நடைபெறுகிறது. தீப்பெட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் வரி செலுத்துகிறார். ஆதலின் அந்நான்கோடு ஐந்தாவதாக ஒன்று சேர வேண்டும். அதுதான் கணக்கு. எதற்கு முதலிடம் தந்து செலவிட்டார்கள், யாருக்குப் போய்ச் சேர்ந்தது, சேரவில்லையெனில் ஏன் என்று கேட்டுப் பார்க்கும் கணக்கு. அந்த ஐந்தாம் கூறு நம் கையில் இருக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் சாரம்.

உரிமையின் வரலாறு

மருத்துவம் நம் மக்களுக்குப் புதிதன்று. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். 1907ஆம் ஆண்டு முதல் இதழ் நடத்திய அப்பெருமகனார் நாடி பார்த்து மருந்து கொடுத்த கையாலேயே எழுதுகோலையும் பிடித்தார். பொதுச் சொத்து என்றால் அது எல்லார்க்கும் பொது என்பதை எழுத்தில் ஏற்றியவர் இரட்டைமலை சீனிவாசனார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றில் நம் மக்கள் தடையின்றிச் செல்லலாம் எனச் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1924ஆம் ஆண்டு அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. 1927ஆம் ஆண்டு மகாடு குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அள்ளினார். மறுஆண்டே, பேறுகால விடுப்பும் உதவித் தொகையும் தொழிலாளப் பெண்ணின் உரிமை என்று பம்பாய்ச் சட்டமன்றத்தில் வாதாடினார். நீரும் பேறுகாலமும் நலவாழ்வின் அடித்தளங்கள் என்பதை நம் தலைவர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தனர்.

சட்டத்தின் பாதையும் அவ்வாறே வளர்ந்தது. 1939ஆம் ஆண்டு சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிற்று. 1946ஆம் ஆண்டு போர் குழுவின் அறிக்கை, பணம் கொடுக்க இயலாமையால் எவர்க்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்னும் கொள்கையை முன்வைத்தது. பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் தலையாய கடமை என்று அரசியலமைப்பின் 47ஆம் உறுப்பு கூறுகின்றது. 1978ஆம் ஆண்டு அல்மா-ஆட்டா நகரில் கூடிய உலக நாடுகள், ஆரம்ப சுகாதாரமே அனைவர்க்கும் நலவாழ்வு தரும் வழி என்று அறிவித்தன. 1992ஆம் ஆண்டு மேற்கு வங்கத்தில் தொடர்வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தொழிலாளி ஒருவரை, படுக்கை இல்லை, கருவி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில், உரிய நேரத்தில் அவசர சிகிச்சை அளிக்காதது வாழ்வுரிமையை மீறுவதாகும் என்றும், நிதி இல்லை என்பதை அரசு காரணமாகக் காட்ட முடியாது என்றும் தீர்ப்பளித்தது. எனவே அரசு மருத்துவமனையின் படியேறும்போது நாம் தருமம் கேட்கச் செல்லவில்லை. உரிமையைப் பெறச் செல்கிறோம்.

கணக்கு உயிர் காத்த வரலாறு

தமிழ்நாடு இத்துறையில் பெற்ற பெயரை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. மாதிரிப் பதிவு முறையின்படி, 2018–20 காலத்தில் இலட்சம் மகப்பேறுகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர் இறந்தனர். 2020ஆம் ஆண்டில் ஆயிரம் பிறப்புகளுக்கு இந்தியாவில் 28 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் மாண்டபோது இங்கு 13 குழந்தைகள் மாண்டன. இவ்வேறுபாடு மருத்துவர்களின் திறமையால் மட்டும் வந்ததன்று. மகப்பேற்றில் தாய் ஒருத்தி இறந்தால், ஏன் இறந்தாள், எங்கே தாமதம், ஊர்தி வந்ததா, இரத்தம் இருந்ததா என்று ஒவ்வோர் இறப்பையும் தனித்தனியே ஆராயும் முறை இங்கு 1990களிலேயே தொடங்கியது. இறப்புக்குக் காரணம் விதி என்று எழுதி முடிக்காமல் கணக்குக் கேட்டார்கள். கேட்ட கேள்வி அடுத்த தாயைக் காத்தது.

மருந்தின் கதையும் இத்தகையதே. ஒருகாலத்தில் அரசு மருத்துவமனையில் மருந்து இல்லை என்பதே வழக்கமான விடை. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தோன்றி, 1995ஆம் ஆண்டு தொடக்கத்தில் வேலையைத் தொடங்கிற்று. வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளி வழியாக மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் கொள்முதல், மாவட்டங்களில் கிடங்குகள், வந்திறங்கும் மருந்தின் ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வகச் சோதனை, தரம் குறைந்ததைத் தந்த நிறுவனத்திற்குத் தடை. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கைப்புத்தகம் தரப்பட்டது. வங்கிப் புத்தகத்தைப் போன்ற அதில், ஒதுக்கிய தொகையும் எடுத்த மருந்தின் விலையும் மீதமும் பதிவாகும். பிற மாநிலங்களும் பின்னர் இம்முறையைப் பின்பற்றின. ஒரு சிறிய புத்தகமும் அதை எழுதும் ஒழுங்கும், கோடிக்கணக்கான ஏழைகளின் கையில் மாத்திரையைக் கொண்டு சேர்த்தன. எழுத்தறிவின் ஆற்றலுக்கு இதனினும் சிறந்த சான்றை எவ்வகுப்பறையிலும் நாம் காட்ட இயலாது.

நம் மாவட்டம் கற்பிக்கும் பாடம்

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். 1965ஆம் ஆண்டு சேலத்திலிருந்து பிரிந்து, 2004ஆம் ஆண்டு கிருஷ்ணகிரியைப் பிரித்துக் கொடுத்த தருமபுரி, மழை குறைந்த கல்பூமி. இப்பாறைகளுக்கு இடையிலிருந்து வரும் நிலத்தடி நீரில் பல ஊர்களில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்த நீரைக் குழந்தைப் பருவம் முதல் குடித்தால் பற்களில் பழுப்புக் கறை படிகிறது. அளவு மிகுந்து ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பும் மூட்டும் இறுகி முதுகு வளைகிறது. பற்கறையைக் கண்டு, ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் வழக்கம் வகுப்பறைகளில் இருந்ததுண்டு. குற்றம் பிள்ளையுடையதன்று; தண்ணீருடையது. இறுகிய எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. அதைத் தடுக்கும் மருந்து நல்ல குடிநீர் ஒன்றே.

அந்நீர் காவிரியில் ஒகேனக்கல்லில் ஓடிக்கொண்டேயிருந்தது. ஜப்பானிய நிதியுதவியுடன் சற்றேறக்குறைய ரூ. 1,928 கோடியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்று, 2013ஆம் ஆண்டு அது மக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. இதனை நாம் மாவட்டத்தின் மிகப் பெரிய மருத்துவமனை என்றே கூறுவோம். எனினும், தலைமைக் குழாய் ஊருக்கு வந்தால் மட்டும் போதாது. ஊரின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து கடைசித் தெருவுக்கு, பெரும்பாலும் நம் மக்கள் வாழும் தெருவுக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை அந்நீர் வருகிறது? வராத நாட்களில் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்கிறார்களா? இக்கேள்விகளுக்கு விடை தலைநகரில் இல்லை. அக்கடைசித் தெருவில் இருக்கிறது.

இரண்டாவது பாடம் கசப்பானது. 2008ஆம் ஆண்டு நம் மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபோது மகிழ்ந்தோம். 2014ஆம் ஆண்டு நவம்பரில், அக்கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கு மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தன. நாடு முழுவதும் அச்செய்தி பேசப்பட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் அரசிடம் விளக்கம் கேட்டது. எடைக் குறைவு, குறைமாதப் பிறப்பு, பிற இடங்களிலிருந்து மோசமான நிலையில் கொண்டுவரப்பட்டமை ஆகியவற்றை அரசுத் தரப்பு காரணங்களாகக் கூறியது. மருத்துவமனையின் வசதிகள் போதுமா என்னும் கேள்வியும் எழுந்தது.

யார் கூற்று எவ்வளவு சரி என்று தீர்ப்புக் கூற நாம் இங்கு வரவில்லை. அரசு கூறிய காரணத்தையே ஏற்றுக்கொண்டு ஒரு வினா எழுப்புவோம். எடை குறைந்த குழந்தை திடீரென்று பிறந்துவிடுவதில்லை. தாயின் இரத்தசோகையும் இளவயதுத் திருமணமும் கருவுற்ற காலத்தில் களை பறிக்கச் சென்ற நாட்களும் சேர்ந்து அந்த எடையைக் குறைக்கின்றன. அப்படியானால் மரணத்தின் தொடக்கம் மருத்துவமனையில் அன்று. பல மாதங்களுக்கு முன் ஒரு குடியிருப்பில். கிராம சுகாதாரச் செவிலியர் அக்குடியிருப்புக்கு எத்தனை முறை வந்தார்? அவருக்கு எத்தனை ஊர்கள் ஒப்படைக்கப்பட்டிருந்தன? இரும்புச்சத்து மாத்திரை கிடைத்ததா? தாய்க்குச் சேர வேண்டிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி உரிய காலத்தில் வந்ததா, அன்றிக் குழந்தை நடக்கத் தொடங்கிய பின் வந்ததா? கருவி வாங்குவது எளிது. திறப்பு விழாவும் நடத்தலாம். ஊர்தோறும் செவிலியர் நடந்து செல்வதற்குத் திறப்பு விழா இல்லை. ஆகவேதான் கொள்கையின் முதலிடம் கட்டடத்தின்பால் சாய்ந்துவிடுகிறது.

இதற்கு மாற்று உண்டு என்பதை நம் மாவட்டமே காட்டியுள்ளது. அரூர் வட்டாரத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே அமைந்த சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், மருத்துவர் ரெஜி ஜார்ஜும் மருத்துவர் லலிதாவும் 1993ஆம் ஆண்டு ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். அவ்வூர்ப் பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்துச் செவிலியராகவும் ஊர் நலப் பணியாளராகவும் ஆக்கினர். அப்பள்ளத்தாக்கில் குழந்தை இறப்பு பெரிதும் குறைந்தது. அஃது அரசு நிறுவனம் அன்று. எனினும், முதலிடம் எங்கே தரப்பட வேண்டும் என்பதற்கு அரசும் கற்கத்தக்க பாடம் அது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், முன்பு நம் மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டதும், மருந்து வீட்டு வாயிலுக்குச் செல்ல வேண்டும் என்னும் அதே எண்ணத்தின்பாற்பட்டதே. அதை வரவேற்கிறோம். வரவேற்பதோடு, எந்த வாயில் வரை வந்தது என்றும் பார்க்கிறோம்.

பணம் எங்கே செல்கிறது?

2017ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வுக் கொள்கை, 2025ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 2.5 விழுக்காடு பொது மருத்துவத்திற்குச் செல்ல வேண்டும் என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஆரம்ப நிலை மருத்துவத்திற்கு உரியது என்றும் கூறிற்று. தேசிய நலவாழ்வுக் கணக்குகளின்படி 2021–22இல் அரசுகளின் செலவு 1.84 விழுக்காடு. மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலவிட்டது மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு. 2013–14இல் அது 64.2 விழுக்காடாக இருந்தது என்பதை நோக்க, முன்னேற்றம் உண்டு. எனினும் நூறு ரூபாயில் ஏறத்தாழ நாற்பது ரூபாயை நோயாளியின் குடும்பமே கொடுக்கிறது. அந்த நாற்பது ரூபாய்தான் நகையை அடகுக் கடைக்கும் பிள்ளையைச் செங்கற்சூளைக்கும் அனுப்புகிறது.

அடுத்து, காப்பீடு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012ஆம் ஆண்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2018ஆம் ஆண்டு அது ஒன்றிய அரசின் பிரதம மந்திரி ஜன ஆரோக்கிய திட்டத்துடன் இணைந்தது. இதய அறுவையும் புற்றுநோய்ச் சிகிச்சையும் பெற்றுப் பிழைத்த நம்மவர் பலர். அதனை மறுப்பாரில்லை. ஆயினும் காப்பீடு என்பது நோய் முற்றிய பின் திறக்கும் கதவு. புளோரைடு நீரையும் இரத்தசோகையையும் அது தடுக்காது. மேலும், தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் பொதுப்பணத்தைக் கண்காணிப்பது, அரசு மருத்துவமனையைக் கண்காணிப்பதனினும் கடினம்.

கடினம் எத்தகையது என்பதை இந்தியக் கணக்காய்வுத் தலைவர் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பெற்ற அறிக்கையில் எடுத்துக்காட்டினார். ஒரே கைப்பேசி எண்ணில் 7,49,820 பயனாளிகள் பதிவாகியிருந்தனர். தரவுகளில் முன்பே இறந்தவர்களாகக் காட்டப்பட்ட 3,446 பேரின் பெயரில் பின்னரும் சிகிச்சைக்குத் தொகை வழங்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் ஏழே ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் இருந்தன. கைப்பேசி எண்ணைக் கொண்டு பயனாளியை உறுதி செய்வதில்லை என்று ஒன்றிய அரசு விளக்கம் கூறியது. அவ்விளக்கத்தையும் சேர்த்துப் படித்தல் முறை. ஆயினும் இறந்தவர் பெயரில் பணம் செல்லும் நாட்டில், உயிரோடிருக்கும் நம் ஊர்க் கிழவி தன் அட்டையில் கைரேகை பதியவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால், அவளுக்காகக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டாவா?

நம் மக்களுக்கென்று ஒதுக்கிய நிதியின் கணக்கும் உண்டு. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் ஆதிதிராவிடர் 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி சற்றேறக்குறைய 20 விழுக்காட்டினர். அவ்வளவுக்கேற்ப ஒவ்வொரு துறையும் நிதி ஒதுக்க வேண்டும் என்னும் துணைத் திட்ட முறை 1979–80 முதல் வழக்கில் உள்ளது. பொதுவான செலவின் ஒரு பங்கையே நமக்கானது என்று தாளில் காட்டிவிடுகிறார்கள் என்பது நெடுநாளைய குறை. 2024ஆம் ஆண்டு இதற்கெனத் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியுள்ளது. சட்டம் வந்துவிட்டது, இனி அதைப் படித்துக் கேட்பவர் வர வேண்டும். நலவாழ்வுத் துறையின் அவ்வொதுக்கீட்டில் தருமபுரி மாவட்டத்தின் எந்தக் குடியிருப்பில் எது நடந்தது என்பதே அக்கேள்வி.

கண்காணிக்கும் உரிமையும் கருவிகளும்

பொதுப்பணத்தைக் கண்காணிக்கச் சட்டமன்றம் உண்டு, பொதுக் கணக்குக் குழு உண்டு, கணக்காய்வுத் தலைவர் உண்டு, மாவட்ட ஆட்சியர் உண்டு. இவர்கள் மேலிருந்து பார்ப்பவர்கள். மேலிருந்து பார்ப்பவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தின் கூரை தெரியும். உள்ளே நோயாளி நிற்கும் வரிசை தெரியாது. அவ்வரிசையில் நிற்பவருக்குத்தான் அது தெரியும். பிரேசில் நாடு 1990ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தின்படி, சுகாதார மன்றங்களில் பாதி இடங்கள் மருத்துவத்தைப் பயன்படுத்தும் மக்களின் பேராளர்க்கு உரியன. வரிசையில் நிற்பவரே கணக்குப் பார்க்கும் மேசையிலும் அமர்கிறார்.

நம் நாட்டிலும் இம்முயற்சி நடந்தது. நம் மாவட்டத்திலேயே நடந்தது. தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின்கீழ் 2007ஆம் ஆண்டு முதல் ஒன்பது மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பு முன்னோடித் திட்டம் நடத்தப்பெற்றது. தமிழ்நாட்டில் அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட ஐந்து மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. ஊர் மக்கள் கூடி, தாய்சேய் நலம், மருந்து, நடத்தப்படும் முறை ஆகியவற்றைப் பற்றிப் பேசி, நன்றெனில் பச்சை, நடுத்தரமெனில் மஞ்சள், மோசமெனில் சிவப்பு என்று அட்டையில் குறித்தனர். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் நிறத்தை அறிவாள். ஆசிரியர் பிள்ளைகளுக்கு மதிப்பெண் அட்டை தருவதுபோல், மக்கள் தம் சுகாதார நிலையத்திற்கு மதிப்பெண் அட்டை தந்தனர். முன்னோடித் திட்டத்தின் காலம் முடிந்தது. அது கற்றுத்தந்த முறைக்குக் காலவரையறை இல்லை.

இன்றும் நம் கைக்கு எட்டும் கருவிகள் பல. அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையின் 23ஆம் இனம், மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உட்பட்ட நலவாழ்வைப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருளாகக் குறிக்கிறது. எனவே கிராம சபையில் அதைப் பற்றிப் பேச நமக்கு இடமுண்டு. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022ஆம் ஆண்டு முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகியனவும் சேர்ந்தன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் நோயாளர் நலச் சங்கமும், ஊர்தோறும் சுகாதார, குடிநீர், ஊட்டச்சத்துக் குழுவும் இருக்க வேண்டும் என்பது விதி. உறுப்பினர் யார், சென்ற ஆண்டு எத்தனை முறை கூடினர், பெற்ற சிறு நிதியை எதற்குச் செலவிட்டனர் என்று கேட்கலாம். வாய்மொழியாக விடை வாராவிடின் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாயும் ஒரு தாளும் போதும். முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டும். உயிர் தொடர்பான செய்தியெனில் 48 மணி நேரத்திற்குள் தர வேண்டும்.

கண்காணிப்பு பகைமை அன்று

இவ்வாறு கேட்டால் மருத்துவரும் செவிலியரும் நம்மை வெறுத்துவிடுவார்களே, நாளை அவர்களிடம்தானே போக வேண்டும் என்று ஒரு தாய் நம்மிடம் கேட்டார். அவர் அச்சம் பொய்யன்று. அதற்கு விடை இரண்டு. முதலாவது, தனியொருவர் கேட்டால் சண்டை. ஊர் கூடி எழுத்தில் கேட்டால் கணக்கு. இரண்டாவது, நாம் கேட்கும் கணக்கு பல வேளைகளில் அவர்களுக்கே துணையாகும். இருவர் செய்ய வேண்டிய வேலையை ஒரு செவிலியர் செய்கிறார் என்றால், காலியிடத்தை நிரப்புக என்று கிராம சபைத் தீர்மானம் செல்வது அவருக்கு உதவியன்றோ? சமவெளியில் 30,000 பேருக்கும், மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அளவு. அவ்வளவு இல்லாத இடத்தில் கோபம் பணியாளர் மேல் பாய்வது முறையன்று. கேள்வி அரசை நோக்கிச் செல்ல வேண்டும்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. மருத்துவமனைகளில் தரை துடைப்பவர், கழிவறை தூய்மை செய்பவர், இரத்தம் தோய்ந்த கழிவை அகற்றுபவர் ஆகியோருள் மிகப் பலர் நம் மக்கள். ஒப்பந்த முறையில் பணிபுரியும் அவர்களுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கிறதா, கையுறை கிடைக்கிறதா, நோய்த் தடுப்பூசி போடப்படுகிறதா? பொது மருத்துவத்தின் கணக்கில் இதுவும் ஒரு பக்கம். நோயாளியின் உரிமையைக் கேட்கும் நாம் தூய்மைப் பணியாளரின் உரிமையை விட்டுவிட்டால், நாம் எழுதிய கணக்கும் தவறிய கணக்கே.

கழகத்தின் முன் ஒரு வேண்டுகோள்

வெள்ளி விழாவை முன்னிட்டு இலவச மருத்துவ முகாம் நடத்தலாம் என்று உறுப்பினர் சிலர் கருத்துத் தெரிவித்தனர். நல்ல உள்ளத்தில் பிறந்த கருத்து. ஆயினும் முகாம் ஒருநாள் வரும். மறுநாள் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் ஒருநாள் மாத்திரை பயன் தராது. அரசு நிலையம் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கிறது. அதன் கதவு ஒழுங்காகத் திறந்திருக்கச் செய்வதே நிலையான முகாம். எனவே மூன்று பணிகளைக் கழகத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது: கழகத்தின் துணையால் படித்துப் பட்டம் பெற்றவர்களுள் ஒன்றியத்திற்கு ஐவரைத் தெரிந்தெடுப்போம். அவருள் இருவரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும். அவர்கள் சுகாதார நிலையத்தின் அறிவிப்புப் பலகை முதல் கிராம சபைத் தீர்மானம் வரை படித்துக் குறிப்பெடுக்கட்டும்.

இரண்டாவது: ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வைப்போம். கருவுற்ற தாய்மார் எத்தனை பேர், செவிலியர் வந்த நாள், கிடைத்த மாத்திரை, வந்த உதவித் தொகை, குடிநீர் வந்த நாட்கள் ஆகியவற்றை அதில் எழுதுவோம். நோயின் பெயரையோ வீட்டுச் செய்திகளையோ எழுத வேண்டா. அவை அவரவர்க்கு உரியன. பணி நடந்த கணக்கு மட்டும் போதும்.

மூன்றாவது: ஆண்டுக்கு ஒருமுறை அந்நோட்டுப் புத்தகங்களைத் தொகுத்து, பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டையாக ஆக்கி, மருத்துவ அலுவலரிடமும் ஆட்சியரிடமும் நேரில் கொடுப்போம். நன்றாக நடந்ததற்கு நன்றியையும் அதிலேயே எழுதுவோம். நன்றி எழுதத் தெரிந்தவர் குறை கூறும்போதுதான் அச்சொல்லுக்கு எடை உண்டு.

பெரியோர்களே! இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகத்தைத் தோற்றுவித்தவர்கள், நம் பிள்ளைகள் தங்கள் பெயரையேனும் எழுதக் கற்க வேண்டும் என்று பாடுபட்டார்கள். இன்று அப்பிள்ளைகள் பட்டம் பெற்று இவ்வவையில் அமர்ந்திருக்கிறார்கள். கற்ற எழுத்து விண்ணப்பம் எழுதுவதோடு நின்றுவிடலாகாது. அரசின் ஏட்டைப் படித்து, இது சரி, இது தவறு என்று குறிக்கவும் அது பயன்பட வேண்டும். மாணவச் செல்வங்களே, அடுத்த கிராம சபை நாளன்று உங்கள் ஊரில் முதல் கேள்வியாக ஒன்றைக் கேளுங்கள்: நம் தெருவுக்குச் செவிலியர் கடைசியாக வந்த நாள் எது? விடை தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். தெரியவில்லையென்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கம் அதுவாகட்டும்.